குருவிப் பெட்டிக்கு இருபதடிக் கம்பு

ஒரு டக் கேட்டாயிற்று. இன்னும் ரெண்டு பாக்கி. பிரம்மசக்தி அடுக்களை ஜன்னலோரம் நின்று சீனி அவரைக்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒடித்தாள் என்று பேருக்குச் சொல்லலாம், கை தன்பாட்டுக்கு நாரையும் காயையும் ஒரே சட்டியில் போட்டுக்கொண்டிருந்தது, கண் முழுக்கப் புறவாசலில். அங்கே மருமகன் ஆதிலிங்கம், காலையில் கடையில் வாங்கிவந்த அலுமினியக் கம்பைத் தரையில் படுக்கப்போட்டு நீட்டிக்கொண்டிருந்தார். மடக்கினால் அஞ்சடி. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக மூணு குழாய். ஒரு குழாய் முழுசாக வெளியே வந்ததும் லாக் டக்கென்று விழும், அஞ்சடி கூடும். மூணு டக்கும் விழுந்தால் இருபதடி. நுனியில் குருவிப் பெட்டி, மழைக்குத் தாங்கட்டும் என்று அவரே தகரத்தை வளைத்துக் கூரை போட்டது. முந்தாநாளே சுவரோரமாகக் குழி தோண்டி, சிமெண்டு போட்டு, கம்பு நிற்பதற்கு ஒரு இரும்புக் குழாயைப் புதைத்துவிட்டார். எல்லாம் கச்சிதம். அவர் எதைச் செய்தாலும் கச்சிதம்தான், அதில் ஒரு குறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, சொல்லப்போய்த்தானே பதினாலு மாசம் பட்ட பாடு. ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆறடி தள்ளி, மேலே மூணு கம்பி போகிறது. வீட்டுக்கு வருகிற கறுப்பு ஒயர் வேறு. இது மொட்டைக் கம்பி, எச்.டி. லைன், பதினோராயிரம் வோல்ட், இந்தப் பக்கம் வீடு என்று ஒன்று வருவதற்கு முந்தியே அங்கே போய்க்கொண்டிருந்தது. கம்பை நட்டமாக நிறுத்திவிட்டால் ஆறடி இடைவெளி இருக்கும், சரி. நிறுத்துவதற்கு முன்னால்? படுத்துக் கிடக்கிற இருபதடியை ஒரு மனுசன் ஒத்தையில் தூக்கும்போது அது நேரே எழுந்திருக்குமா, தள்ளாடுமா? கொடியில் காய்கிற சேலையைப் பார்த்தாள். ஆனி மாசத்துக் காற்று அதைத் தரைக்குச் சமமாகப் பிடித்து வைத்திருந்தது.

வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். கேட்பவர்களுக்கு என்ன, அவர்களுக்கு ஆதிலிங்கம் மாப்பிள்ளையா? பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவளை, பஸ் ஸ்டாண்டிலேயே கையைப் பிடித்துக்கொண்டு மகள் பொன்மலர் சொன்னது இதுதான்: “யம்மா, உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். அவுக என்ன செஞ்சாலும் நீ ஒண்ணும் சொல்லாத. நல்லதுன்னும் சொல்லாத, கெட்டதுன்னும் சொல்லாத. இப்பதான் உன் பேரச் சொன்னா மூஞ்சியத் திருப்பாம இருக்காக.” சரிட்டி என்றாள். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறைதான். வாக்குக் கொடுத்ததும் ஒரு சோதனை வரவேண்டுமே, வந்தது, இன்று காலையில், விவசாயச் சாமான் விற்கிற அந்தக் கடையில். மகள் காரை விட்டே இறங்கவில்லை, ஆபீசிலிருந்து போன். மாப்பிள்ளையும் இவளும்தான் உள்ளே போனார்கள், அவர் முன்னால், இவள் நாலு எட்டு பின்னால். தேங்காய் பறிக்கிற நீட்டுக் கம்பு ரெண்டு வகை இருந்தது. கடைக்காரன் ரெண்டையும் எடுத்து நீட்டிக் காட்டினான். “சார், இது அலுமினியம், தூக்கிப் பாருங்க, பூ மாதிரி இருக்கும், துருவே பிடிக்காது. இது ஃபைபர், கனம் கூட, ஆனா கரண்டு பாயாது.” கரண்டு பாயாது. அவன் வாயாலேயே சொன்னான், மகராசன். மாப்பிள்ளை அலுமினியத்தைக் கையில் எடுத்து, ஒரு தரம் மேலே தூக்கி, ஒரு தரம் இறக்கி, பிறகு திரும்பினார். இவளைப் பார்த்துத் திரும்பினார். “அத்தை, எது எடுக்கலாம்?” பதினாலு மாசம் கழித்து நேருக்கு நேராக ஒரு வார்த்தை. அந்த இடத்தில் பிரம்மசக்திக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. ஃபைபர் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் கையில் இருந்தது அலுமினியம். ஒருத்தர் ஆசையாகக் கையில் எடுத்து வைத்திருக்கிறதை, கேட்ட முதல் கேள்விக்கே, அது வேண்டாம் இதை எடுங்க என்று சொல்லவா? திரும்பவும் வந்துட்டா பாரு குறை கண்டுபிடிக்க என்று நினைத்துவிட்டால்? “உங்களுக்கு எது சௌரியமோ அது, மாப்பிள்ளை” என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தாள். பாவி மட்டை. கரண்டு பாயாது என்று மூணாம் மனுசன் சொல்லுகிறான், இவள் சிரித்தாள்.

டக். ரெண்டாச்சு. இப்போது பதினஞ்சடி. பெட்டி நுனியோடு நகர்ந்து முருங்கை மூட்டுவரை போயிருந்தது. அந்தப் பெட்டிக்கு அவர் எத்தனை நாள் மெனக்கெட்டார் என்று மகள் போனில் சொல்லியிருக்கிறாள். சன்ஷேடுக்கு அடியில் அடைக்கலாங்குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஒரு காலையில் பார்த்தால் பூனை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவர் அன்று காலேஜுக்குப் போகவில்லையாம். கீழே கிடந்த இறகையெல்லாம் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாராம். பூனை ஏற முடியாத வழவழப்பான கம்பு, வருசத்துக்கு ஒரு தரம் இறக்கிப் பெட்டியைச் சுத்தம் பண்ணத் தோதான கம்பு என்று தேடித் தேடித்தான் இந்த நீட்டுக் கம்பில் வந்து நின்றார். இளகின மனசுதான். இளகின மனசு இருக்கிறவர்களுக்குத்தான் ஒரு சொல் பொறுக்காது. இந்தப் புதுவீட்டுப் பால் காய்ச்சு அன்றைக்கு இவள் என்ன அப்படிச் சொல்லிவிட்டாள்? அவருடைய அண்ணன் தம்பி நாலு பேரும் கொத்தனாரும் நிற்கிற இடத்தில், “மாடிப்படிய இப்படி நெட்டுக்குத்தலா வச்சிருக்கியளே மாப்பிள்ளை, ஒரு வார்த்தை யார்கிட்டயும் கேக்கக் கூடாதா” என்றாள். படியை அவரே காகிதத்தில் வரைந்து கொடுத்துக் கட்டச் சொல்லியிருந்தார் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? பெரிய அண்ணன்காரன் சிரித்தான். அவ்வளவுதான். தீபாவளிக்கு வரவில்லை. இவளுக்கு முட்டி ஆபரேசன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் நின்றுவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போனார். அதில் கொடுமை என்னவென்றால், படி சரியாகத்தான் இருக்கிறது. ஆபரேசன் பண்ணின இதே முட்டியோடு இந்த ஒரு வாரத்தில் எத்தனை தரம் ஏறி இறங்கியிருக்கிறாள், ஒரு வலி இல்லை. அன்றைக்கும் இப்படித்தான், இவளுக்குப் பார்த்ததுமே பயம், பயத்தை அப்படியே வாயில் கொண்டுவந்து கொட்டினாள். இன்றைக்கும் அதே பயமாக இருந்தால்? ஆறடி இடைவெளி இருக்கிறது. படித்த மனுசன். அளக்காமலா குழி தோண்டியிருப்பார்? முந்தாநாள் டேப்பு வைத்து அளந்ததை இவளே பார்த்தாள். தரையைத்தானே அளந்தார். மேலே அளந்தாரா?

மற்ற மாமியார்கள் என்றால் இவ்வளவு தூரம் நினைக்க மாட்டார்கள், நிம்மதியாகக் காய் நறுக்குவார்கள். இவளுக்கு வாய்த்த உத்தியோகம் அப்படி. இருபத்தெட்டு வருசம் மின்சார ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரு ஃபியூஸ் போடத் தெரியாது, போஸ்டைத் தொட்டதில்லை. ஆனால் விபத்து அறிக்கை அத்தனையும் இவள் மேசைக்கு வந்துதான் போகும். பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில். அப்புறம் அந்த வாக்கியம். ‘மேற்படி நபர் தனது வீட்டின் பின்புறம் அலுமினியத் தொரட்டியால் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தபோது, மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் எதிர்பாராத விதமாகத் தொரட்டி உரசியதில், சம்பவ இடத்திலேயே.’ சம்பவ இடத்திலேயே என்று அடிக்க விரல் யோசிக்காது, அது தானாகப் போகும். தேங்காய்க்குப் பதிலாக மாங்காய், மாங்காய்க்குப் பதிலாகக் கட்சிக் கொடி, கோயில் கொடைக்குக் கட்டின சீரியல் செட்டு, அதை மட்டும் மாற்றினால் போதும். எதிர்பாராத விதமாக. எப்போதும் அப்படித்தான் எழுதி வரும். ஒரு ஆளாவது எதிர்பார்த்து நின்றிருக்க மாட்டாளா, ஜன்னலுக்குப் பின்னால், வாயைப் பொத்திக்கொண்டு? ‘மேற்படி நபர் தனது வீட்டின் பின்புறம் குருவிப் பெட்டி.’ வயது முப்பத்தேழு. தொழில் கல்லூரி விரிவுரையாளர். சீ! என்ன புத்தி இது, நாசமாப் போற புத்தி. வாசல் நிலையை மூணு தரம் தொட்டுக் கும்பிட்டாள். தாயே, சும்மா தோணினது, கணக்கில் எடுத்துக்காத. ஆனால் தோணினது தோணினதுதான், விரல் பத்தும் அவரைக்காய்ச் சட்டிக்குள் கிடந்து மிச்சத்தையும் அடித்துக்கொண்டிருந்தது.

டக். மூணாவதும் விழுந்தது. பிரம்மசக்தி சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக் கதவுக்கு ஓடினாள், ஓடினாள் என்றால் முட்டி விட்ட மட்டும். தான் பேசக்கூடாது என்றுதானே சத்தியம், மகள் பேசலாமே. புருசன்காரனிடம் பொண்டாட்டி சொன்னால் குறையாகுமா? “ஏட்டி மலரு! மலரு! வெளிய வா, மாப்பிள்ளை கம்பத் தூக்கப் போறாக!” உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். “என்னது?” “கம்பு, கம்பு! மேல லைன் போகுதுட்டி, நீ ஒரு வார்த்தை சொல்லு!” தண்ணீர் நின்றது. “யம்மா, தலைக்கு ஷாம்பு போட்டிருக்கேன். அவுகளுக்கு எல்லாம் தெரியும். நேத்தே எங்கிட்ட லைனப் பத்திச் சொன்னாக. நீ தயவுசெஞ்சு ஜன்னல்கிட்ட போயி நிக்காத.” தண்ணீர் மறுபடியும் விழ ஆரம்பித்தது. லைனைப் பற்றிச் சொன்னாரா? என்ன சொன்னார்? தெரியும் என்றால் எவ்வளவு தெரியும்? தெரிந்த ஆள் ஏன் அலுமினியத்தை வாங்குகிறார்? நீதானே சொன்னாய், உங்களுக்கு எது சௌரியமோ என்று. பாதகத்தி, நீதானே சிரித்தாய். திரும்ப அடுக்களைக்கு வந்தபோது மாப்பிள்ளை கம்பின் அடிமுனையை, மண்ணில் புதைத்திருந்த இரும்புக் குழாயின் விளிம்பில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, நுனிப்பக்கம் போய் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார். தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை? கை வலிக்கிறதோ? யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறாரோ? மனசு மாறிவிட்டதோ? முருகா, மாறட்டும். பூனை பாட்டுக்குத் தின்னட்டும் குருவியை, ஆயிரம் குருவி போனாலும் போகட்டும்.

அப்போதுதான் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் சுணங்கி, ரெண்டு சுத்து சுத்தி, நின்றது. ஃப்ரிட்ஜும் ஒரு உதறு உதறிவிட்டு அடங்கியது. மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தார். “அத்தை, கரண்டு போயிட்டா?” இன்றைக்கு ரெண்டாவது கேள்வி. “ஆமா மாப்பிள்ளை, போயிட்டு” என்றாள், சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டே சொன்னாள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “இதுக்காகத்தான் பாத்துக்கிட்டே நின்னேன். காத்துக்கு எப்படியும் ஒரு தடவை போவும்னு தெரியும். இப்ப தூக்கிட்டா பயமில்ல.” அடடா, அடடா. அப்படியென்றால் இவருக்குத் தெரிந்திருக்கிறது, லைனைப் பார்த்திருக்கிறார், கரண்டு போகட்டும் என்று மெனக்கெட்டு நின்றிருக்கிறார், தங்கமான மனுசன், கச்சிதமான மனுசன், இவரைப் போய் இந்தப் பாழும் மனசு என்ன பாடு படுத்தியது. சட்டியை எடுத்தாள். நாரைப் பொறுக்கலாம் என்று உட்கார்ந்தாள். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லாததால் வெளிச்சத்தம் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. காற்று. கொடிச்சேலை படபடக்கிறது. பின் தெருவில் மரம் அறுக்கிற மில். கர்ரென்று ஒரு தடி உள்ளே போகிறது, கீச்சென்று முடிகிறது, மறுபடியும் கர்ர். வேலை நடக்கிறது அங்கே. மில்லில் கரண்டு இருக்கிறது. இங்கே போனது அங்கே எப்படி இருக்கிறது? அதுவும் மெசினே ஓடுகிறதே, அந்த மில்லுக்கு எந்தக் கம்பி போகிறது? தலையைத் தூக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கத்து மூணு மொட்டைக் கம்பியும் நேராக அந்தக் கர்ர் சத்தத்தைப் பார்த்துத்தான் போகிறது. இவள் படித்த படிப்புக்கு அதற்குமேல் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, விரல் அடித்துவிட்டது. எந்த வருசமோ, யாருக்கோ அடித்தது, வரி பிசகாமல் வந்து நின்றது: ‘வீட்டில் மின்சாரம் தடைப்பட்டிருந்ததால், மேலே சென்ற உயர் அழுத்தக் கம்பியிலும் மின்சாரம் இல்லை என்று கருதி.’ கருதி. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு ஆபீசில் எல்லோரும் ச்சொச்சொ என்றார்கள், நம்ம சனத்துக்கு ஃபேன் நின்னா ஊரெல்லாம் கரண்டு நின்ன மாதிரி என்று ஒரு ஆள் சொன்னார். நான்தானே சொன்னேன், போயிட்டு என்று. சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேனே.

சட்டி எங்கே போனது என்று தெரியாது. புறவாசல் படியில் நின்றாள். மாப்பிள்ளை கம்பை நுனியிலிருந்து தோளுக்கு ஏற்றியிருந்தார், கையை மாற்றி மாற்றி அடியை நோக்கி நடந்துவந்துகொண்டிருந்தார், நடக்க நடக்க அவருக்குப் பின்னால் பெட்டி எழுந்தது, முருங்கைக்கு மேலே, சுவருக்கு மேலே, காற்று அதை ஒரு தள்ளு தள்ள கம்பு வில்லாக வளைந்து அந்தப் பக்கம் சாய்ந்தது. அவர் கண் முழுக்கக் குழியில் இருந்தது. “மாப்பிள்ளை” என்றாள். காற்று அதை அவர் காதுவரை விடவில்லை. “மாப்பிள்ளை, ஒரு நிமிசம் பொறுங்க, நான் என்ன சொல்லுதேன்னா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க...” இது எதுவும் வெளியே வரவில்லை, மனசுக்குள்ளேயே வரிசையாக வந்து நின்றது, எவ்வளவு நீளம், பொறுங்க, எடுத்துக்காதீங்க, அத்தனைக்கும் நேரம் வேண்டுமே, தகரக் கூரை வெயிலில் பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டியது, அதற்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழமோ ரெண்டு முழமோ. “ஏலே!” என்று கத்தினாள். “ஏலே, கீழ போடுல! சவத்து மூதி, கம்பக் கீழ போடுல! போடுலே!” அது யார் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. மாப்பிள்ளையின் ரெண்டு கையும் ஒரேயடியாக விரிந்தது. வளைந்திருந்த கம்பு திமிறி நிமிர்ந்து இந்தப் பக்கம் சரிந்து, முருங்கைக் கொப்பை முறித்துக்கொண்டு, துணி துவைக்கிற கல்லில் மோதி விழுந்தது. பெட்டி ரெண்டாகப் பிளந்து தகரம் தனியே உருண்டது. பக்கத்து வீட்டு மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“என்ன சொன்னீங்க?” என்றார் ஆதிலிங்கம். சத்தம் போடவில்லை. அதுதான் அவர் வழக்கம், படி விஷயத்திலும் சத்தம் போடவில்லை. பிரம்மசக்தி சொல்லத்தான் பார்த்தாள். மூச்சு வாங்கியது. “அது வேற லைன் மாப்பிள்ளை. வீட்டுல போனா அதுல போவாது. மில்லு ஓடுது பாருங்க. ஓடுதா இல்லியா, கேளுங்க. நான் டைப் அடிச்சிருக்கேன், இப்படியேதான், ஒரு எழுத்து மாறாம.” அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. முதலில் மாடிப்பக்கம் பார்த்தார், அந்த அம்மா சட்டென்று குனிந்துகொண்டாள். பிறகு இவளைப் பார்த்தார். பின் தெருவில் ஒரு தடி முழுசாக அறுபட்டு முடிகிறவரை நின்ற இடத்திலேயே நின்றார். தலை மெதுவாக மேலே போய், அந்த மூணு கம்பியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு அது வந்தது, கழுத்திலிருந்து காதுவரை ஒரே சிவப்பாக வந்தது. இவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். தாண்டும்போது வேர்வை வாடை அடித்தது. அடுத்த நிமிசம் படுக்கையறைக் கதவு அறைந்த அறையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பொன்மலர் தலையில் துண்டைச் சுத்திக்கொண்டு நுரை வழிய ஓடி வந்தாள். கல்லில் கிடந்த கம்பையும் உடைந்த பெட்டியையும் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “அவுகள என்ன சொன்ன? ஏலேன்னா சொன்ன? குளிக்கிற ரூம் வரைக்கும் கேட்டுச்சு. மூதின்னு வேற சொன்னியே, யம்மா, அதுவும் பக்கத்து வீட்டுக்காரி முன்னால, உனக்கு ஏன் இந்த வாய்?” பிரம்மசக்தி படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பீரோக் கதவு ஒன்று அறைந்தது. அடுத்து அலமாரியிலிருந்து என்னமோ கீழே விழுந்தது. விழவில்லை, எறிந்திருக்கிறார். ஒவ்வொரு சத்தத்தையும் அவள் காது போய்ப் போய்த் தொட்டுவிட்டு வந்தது. நல்ல பலமாகத்தான் எறிகிறார். கை நல்லா இருக்கிறது, காலும் நல்லா இருக்கிறது, இந்த மட்டும் கோபப்பட ஒரு மனுசன் உள்ளே இருக்கிறான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “போச்சு. இனிமே ஜென்மத்துக்கும் அவுக உங்கிட்டப் பேச மாட்டாக.”

“பேசாண்டாம்” என்றாள் பிரம்மசக்தி. திரும்பவும் சொன்னாள். “பேசாண்டாம்ட்டி. உசுரோட இருந்துக்கிட்டுப் பேசாம இருக்கட்டும்.”

உள்ளே இன்னொரு கதவு அறைந்தது.